பொய் பற்றி ஒரு கட்டுரை

அன்புள்ள அம்மாவுக்கு, மதுரையிலிருந்து பிரின்சி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பா இன்னும் தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கு நைட் ஷிப்ட்தான் போகிறாரா? நான் சுகம்.

பயப்படாமல் படியுங்கள். யாருடைய நன்மைக்காகவும் பொய் சொல்லக்கூடாது என்று தத்துவ வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதினேன். செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாலும் வாசித்தேன், கைதட்டினார்கள். உடனே டீ இடைவேளை. அப்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

“இன்னாம்மா, சாப்டியா? இன்னா கொயம்பு?”

“மீன் கொயம்பும்மா. வயிறு முட்ட துன்னுட்டு குந்திக்கினு இருக்கேன்.”

காலையிலிருந்து நான் ஒரு பன்தான் தின்றேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சிரித்துவிட்டார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “இப்ப சொன்னது எதுல சேரும், பிரின்சி?” என்றார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நீங்கள் வந்துவிடுகிறீர்கள். போனில் பேசினால் மறுபடியும் பொய்தான் வரும் என்று கடிதம் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் பாதி நாள் மெஸ்ஸுக்குப் போவதில்லை. கொஞ்சம் நெத்திலித் தொக்கு அனுப்புங்கள்.

நான் கேட்டபோதெல்லாம் நீங்களும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்கிறீர்கள். அது நிஜமா என்று எழுதுங்கள்.

மெஸ் மூடிவிடுவார்கள், ஓடுகிறேன்.

உங்கள் பிரின்சி