நாலாம் கட்டிலுக்கு நான் செய்த ஜெபம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான். என் மருமகள். நாலாம் கட்டிலில் கணக்கு வாத்தியார். அவருடைய மகள். முதியோர் இல்லத்து மேலாளர் அம்மாள். ஐந்தே பேர். நாளைக்கு யாராவது கதையை மாற்றினால் இதை எடுத்துக் காட்டுவேன்.

மருமகள் அங்கே பதினோரு வருடமாக நர்ஸ். செவ்வாய்தோறும் நான் போய்த் துவைத்த துணி மடித்துக் கொடுப்பேன். முன்பு வாசல் சுவரில் ஒரு பைபிள் வசனம் இருந்தது; வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். கேட்காத ஆளுக்கு ஜெபம் பண்ணக்கூடாது என்று இல்லத்தில் சட்டம். வாத்தியாருக்கோ கடவுள் என்றாலே ஆகாது. காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. நெற்றியில் கைவைத்துச் சத்தமாகவே ஜெபித்துவிட்டேன். பின்னால் மகள் வந்து நின்றதைப் பார்க்கவில்லை.

“எங்கப்பா மயங்கிக் கெடக்குற நேரம் பாத்து மதம் மாத்துறீங்களா?” என்று கத்தினாள். மேலாளர் ஓடிவந்து மருமகளைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?”

“பண்ணது நான். அவளை ஏன் கேக்குறீங்க?” என்றேன். யார் காதிலும் ஏறவில்லை.

மார்ச் 4

மருமகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். “அவரு வேண்டாம்னு சொன்னவரு அத்தை. அதை மதிக்கிறதும் ஆண்டவருக்குப் பிடிக்கும்” என்றாள். அவ்வளவுதான்.

வாய் திறந்து ஆண்டவரைப் பற்றிச் சாட்சி சொல்லத் தெரியாத கோழை — இவளைப் பற்றி இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

மருமகளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. ஒரு தாள் கொடுத்தார்களாம். கேட்காதவர்களுக்கு ஜெபிக்க மாட்டேன் — அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். யாராவது கேட்டாலும் என் விசுவாசத்தைப் பற்றிப் பேச மாட்டேன் — அதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கே வித்தியாசம் புரிந்தது. என் மகனுக்குப் புரியவில்லை. “போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? இந்தக் காலத்துல இதையெல்லாம் யாரு பாக்குறா?”

“கேட்டவங்ககிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?” என்று அவனைக் கேட்டாள். கோழையா இவள்?

மார்ச் 7

போதகர் வீட்டுக்குப் போனேன். “திங்கட்கிழமை வந்து இவளைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கய்யா.”

“காலம் சரியில்லம்மா. சபை பேரு அடிபடக்கூடாது. நான் ஜெபத்துல தாங்குறேன்.”

சிங்கக் கெபியில், சிங்கங்கள் கிடக்கும் குகையில், போட்டாலும் பயப்படாதே என்று மேசையைத் தட்டித் தட்டிப் பிரசங்கம் பண்ணினவர். தேதி வேண்டுமா? பிப்ரவரி எட்டு.

மார்ச் 9, திங்கள்

என்னை உள்ளே விடவில்லை. கதவையும் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. வாத்தியார் தானாகவே சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.

“தலையில கை வச்சது அந்தக் கிழவி. நான் முழிச்சுத்தான் இருந்தேன். ஜெபமா அது? ஊர்ல உள்ள அத்தனை பேரு மேலயும் புகார்! இந்தப் பொண்ணு ஒருநாளும் எனக்கு ஜெபம் பண்ணல. கால் புண்ணு நாறுனப்ப என் மகளே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா. இவ மண்டிபோட்டுக் கழுவுனா. ஏம்மா இப்படிப் பண்றேன்னு கேட்டேன். சொன்னா. அவ சொன்னதை நான் நம்பல, இன்னைக்கும் நம்பல. ஆனா கேட்டது நான். பதில் சொன்னது குத்தமா? அவளை அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க.”

மகள் அழுதுகொண்டு நின்றாள். மருமகள் போய் அவள் தோளைத் தொட்டு, “அப்பாவுக்கு மாத்திரை நேரமாச்சு, வாங்க” என்றாள்.

மார்ச் 10

அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் இனி அந்தப் பக்கமே வரக்கூடாதாம். சரி. செய்தது நான்தானே.

சாயங்காலம் சொல்லிவிட்டேன். “உன்னைக் கோழைன்னு நினைச்சிருந்தேன்.”

“தெரியும் அத்தை.”

“எப்படி?”

“நீங்க ஜெபம் பண்ணா அடுத்த வீடு வரைக்கும் கேக்குமே.”

சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

“நம்ம சபை உறுதியா நின்னதுக்குக் கிடைச்ச ஜெயம்!” — இன்று பிரசங்கத்தில். எழுந்திருக்கப் போனேன். மருமகள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆராதனை முடிந்ததும் அந்த மனிதரிடமே போய், முகம் கோணாமல் நலம் விசாரித்தாள். நிஜமாகவே விசாரித்தாள். அவளுக்கு அது வருகிறது.

வாத்தியாரின் மகளை மன்னித்துவிட்டேன். அப்பா மேல் பாசம். என் மகனையும். மேலாளரைக்கூட, பல்லைக் கடித்துக்கொண்டு.

போதகரை மாட்டேன்.