போர்வையை நான்தான் மூடினேன்

என் பிரிய அண்ணா,

பெங்களூர் ரயிலில் இன்று ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தளர்ந்த உன் இதயத்துக்குத் துணையாக, தொடை ரத்தக்குழாய் வழியே சின்னப் பம்ப் வைத்திருந்தார்கள். அந்தப் பம்ப்பின் குழாயே காலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துவிடலாம். அதனால் மணிக்கொரு முறை பாதத்தைத் தொட்டு, சூடும் நாடியும் பார்க்க வேண்டும். அன்று உன் நர்ஸுக்குப் பக்கத்துப் படுக்கையிலும் அவசர வேலை. "நீங்க போங்க சிஸ்டர், அண்ணன நான் பாத்துக்கறேன்" என்றேன். அதே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ்தானே நான்? நம்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் நீ சொன்னாய்: "காலு ஜில்லுனு கீது பாப்பா."

"ஏசிண்ணா, அப்டித்தான் இருக்கும்" என்று போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிரா அது? இன்னும் புரியவில்லை.

நர்ஸ் திரும்பி வந்து போர்வையை விலக்கியபோது பாதம் நீலம் பாரித்திருந்தது. அடைப்பை எடுத்துப் பார்த்தார்கள். காப்பாற்ற முடியாமல் காலையே வெட்டி எடுத்தார்கள். பிறகு சிறுநீரகமும் கைவிட்டது. நான்காம் நாள் நீ போய்விட்டாய். உன் இதயம் என்னவோ தேறிக்கொண்டுதான் இருந்தது.

கால் பற்றி ஏதாவது சொன்னாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பழியெல்லாம் அந்த நர்ஸ் மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

பிறகு இதய வார்டுக்கு நானே கேட்டு மாறினேன். போன வாரம் பேத்தமங்களாவிலிருந்து ஒரு விவசாயி, உன்னைப் போலவே பம்ப்போடு. கால் மரத்துப்போகிறது என்றார். தொட்டேன், சில்லென்றிருந்தது, நாடி இல்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். காலுக்கு ரத்தம் போக மெல்லிய குழாய் ஒன்று தனியாகப் போட்டார்கள். பம்ப்பை எடுத்த பிறகு, நேற்று வார்டு வாசல்வரை நடந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்து அழுதபோது, அங்கே நிற்க எனக்கு முகமில்லை.

நேற்றே அந்த நர்ஸிடமும் டாக்டரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அண்ணிதான் பாக்கி. "எங்க நாத்தனார் கூடவே இருந்து பாத்துக்கிச்சு" என்று எங்கள் மைசூர் மைன்ஸ் காலனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுவேன். வெளியே போ என்றால் போவேன். சொல்லாமல் மட்டும் திரும்ப மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பா