நான்கு கட்டைவிரல்கள்

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள், சில எழுத்து யானை மாதிரியும் சில எழுத்து எறும்பு மாதிரியும் இருக்கும், கோடு போட்ட தாளில் எழுதியும் வரி மேலே மேலே ஏறிப் போகிறது. இந்த ஒரு கடிதத்தை ஆறு நாளாக எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மூட்டுவலி மட்டும் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கை கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய் கண்ணு?

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முன்பு வரை உன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் தெரியும், ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு அது போதும், சம்பளப் பட்டியலில் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வந்துவிடுவேன். இது உனக்குத் தெரியக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ வகுப்பில் முதல் மார்க்கு வாங்குகிறவள், உன் அப்பன் கைநாட்டு என்று எவளாவது உன்னைச் சொல்லிவிடுவாளோ என்று பயம். காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேனே, அத்தனையும் நடிப்பு. தலைகீழாகப் பிடித்திருந்தால் அம்மா காபி வைக்கிற சாக்கில் திருப்பிவைத்துவிட்டுப் போவாள். உன் ரிப்போர்ட்டில் அவளே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு ஏதுடி நேரம் என்பாள். நீ வெளிநாடு போன பிறகு போனில் நீ எழுதி அனுப்புவதையெல்லாம் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள், உன்னைப் போலவே இழுத்து இழுத்து வாசிப்பாள், நான் சிரிப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் போனதும் என் கண்ணும் சேர்ந்து போய்விட்டது. மாப்பிள்ளையின் நம்பர்கூட அவள் போனில்தான் இருந்தது, அந்தப் போனைத் திறக்க எனக்குத் தெரியவில்லை.

லிஃப்டில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். ஆரம்பத்தில் ஏறுகிறவர்கள் மாடிக்கு மாடி ஏதாவது பேசுவார்கள், மூன்றாவதில் ஏறி ஏழாவதில் இறங்குவதற்குள் தங்கை கல்யாணம் முடிந்துவிடும். கடைசிப் பத்து வருஷம் எல்லார் தலையும் போனுக்குள் கவிழ்ந்துவிட்டது. எந்த மாடி என்று கேட்டால்கூட நிமிராமல் விரலைக் காட்டுவார்கள். எனக்குக் கோபம் வராது, பொறாமைதான் வரும். இத்தனை பேருக்கும் இத்தனை எழுத்து தெரிகிறதே, அதற்குள் அவர்களுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு வேண்டியவளும் என் பையில் இருந்த போனுக்குள்தான் இருந்தாள், தொட மட்டும் தெரியவில்லை.

நான் வகுப்பில் சேர்ந்த கதையும் போனால் வந்ததுதான். மூட்டுக்குப் பார்க்கப் போன இடத்தில் முறை வந்தால் இப்போது கூப்பிடுவதில்லை, போனில் எழுதி அனுப்புகிறார்கள். மூன்று தடவை காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை அந்த நர்ஸ், என்ன தாத்தா, உங்க பேரு போன்ல வந்து போயே போச்சு, அதக்கூடப் பாக்காம கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே என்றாள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன், கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. அவள் சிரிக்கவில்லை, அதுதான் சுட்டது. அந்த வாரமே நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் நடத்துகிறார். எனக்குப் பக்கத்தில் குழாய் ரிப்பேர் செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். யோவ் பெருசு, இந்த வயசுல படிச்சு கலெக்டர் ஆகப் போறியா என்று முதல் நாள் கேட்டார், ஆயிட்டுப் போறேன், உனக்கென்னய்யா என்றேன், அன்றிலிருந்து சிநேகிதம். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன், தெருவில் இருந்த பலகையெல்லாம் ஒரே நாளில் வாய் திறந்து பேசின மாதிரி இருந்தது. தபாலாபீஸ் கதவில் தள்ளு என்று எழுதியிருக்கிறதம்மா, இத்தனை காலமும் நான் அதை இழுத்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

உன்னை மட்டும் படிக்காமல் வைத்திருந்தேன். உயிர்மெய் எழுத்து முடியட்டும், தடுமாறாமல் வாசிக்க வரட்டும், அப்புறம் என் மகள் எழுதியதை நானே வாசிப்பேன் என்று பிள்ளைகள் தின்பண்டத்தைப் பொத்தி வைப்பது போல் வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்து, நீ கடைசியாக எழுதியிருந்த நாலைந்தை மேலேயிருந்து வாசிக்க உட்கார்ந்தேன். நான் ஒவ்வொரு எழுத்தாகத்தான் வாசிப்பேன், அப்பா என்பதை வாசித்தேன், மேலே போனேன், குழந்தை என்று வந்தது. அதற்கு மேல் கண் ஓடவில்லை, செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே துணி இஸ்திரி போடுகிற அக்கா இருக்கிறாள், நான் தாத்தா ஆயிட்டேன், நானே படிச்சேன் என்றேன். அடேங்கப்பா, பேரனா பேத்தியா, அதச் சொல்லு மொதல்ல என்றாள். இரு, படிச்சுட்டு வந்து சொல்றேன் என்று திரும்பி வந்தேன்.

வந்து படித்தேன். அப்பா, குழந்தை போயிடுச்சு. அஞ்சு மாசம். நல்லபடியா ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப போன் பண்ணாதீங்க, பேச வராது. எதாவது எழுதுங்கப்பா. இவ்வளவுதான் நீ எழுதியிருந்தது. அதன் கீழே நான் அனுப்பிய கட்டைவிரல் நிமிர்ந்து நிற்கிறது.

கண்ணு, நான் சொல்வதை நம்பு. போனில் நீ எழுதியது வந்தால் விளக்கு எரியும், அதை அழுத்திப் பிடித்தால் சின்னச் சின்னப் படமாக வரும், முதல் படம் கட்டைவிரல். அதைப் பார்த்ததும், அட, நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் ஒரு வழி வைத்திருக்கிறார்களே, இதுதான் போனில் கைநாட்டு, வந்து சேர்ந்தது என்பதற்கு வைக்கிறது என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் குட்டு வெளிப்படும். நீ எழுதியது எல்லாவற்றுக்கும் வைத்தேன். பாத்தீங்களாப்பா என்று மறுநாள் கேட்டிருக்கிறாய், அதற்கும் வைத்தேன். இதுக்கும் ஒரு கட்டைவிரல்தானா, அம்மா இருந்திருந்தா என்று எழுதிப் பாதியில் விட்டிருக்கிறாய், அதற்கும் வைத்தேன். சரிப்பா, இனிமே தொந்தரவு பண்ணல என்று முடித்திருக்கிறாய். அதற்கும். நாலு. தேதியைப் பார்த்தேன், பதினோரு மாதம் ஆகிறது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடவில்லை. வேலையாக இருப்பாய் என்று இருந்தேன். நானாகக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண் சொன்னாள், அம்மா, நான் அவளோட அப்பா என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன், அவள் பாட்டுக்குச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். படிப்பு வந்தது நல்லதுதானா என்று இந்த ஆறு நாளில் பல தடவை நினைத்துவிட்டேன். தெரியாமலே இருந்திருந்தால் வேலை மும்முரத்தில் அப்பனை மறந்த மகள் என்று உன் மேல் குறைபட்டுக்கொண்டு நிம்மதியாகச் செத்திருப்பேன். இஸ்திரிக்கார அக்கா இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினாள், நான் திறக்கவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது எழுதுகிறேன். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, தெரிந்த எழுத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தும் அதற்கு ஒரு வார்த்தை வரவில்லை. நீ அங்கே படுத்திருந்த அன்றைக்கு நான் இங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெயிலுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பேன். அது பெண்ணா, பையனா? பேர் ஏதாவது நினைத்து வைத்திருந்தாயா? வைத்திருந்தால் மனசு வரும்போது ஒரு துண்டுத் தாளில் அந்தப் பேரை மட்டும் எழுதி அனுப்பு, என் பேரக்குழந்தையின் பேரை நான் ஒரு தடவையாவது என் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். கோபம் இருந்தால் இருக்கட்டும், அதை விடச் சொல்லமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் மனசு விட்டுப் பேசு, அழுகை வந்தால் அடக்காதே.

நீ எனக்கு ஒரு போர்வை அனுப்பினாயே, அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்து வரைந்து வரைந்து உறையில் எழுதியிருக்கிறேன். நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாயா என்பது தெரியாது. தபாலாபீஸில் கேட்டேன், ஆள் அங்கே இல்லையென்றால் ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்துவிடுமாம். திரும்பி வராவிட்டால் நீ வாங்கிக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்வேன், அதற்கு நீ பதில்கூடப் போட வேண்டாம். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் அம்மா. வருகிற செவ்வாய்க்கிழமையும் எழுதுவேன், இது திரும்பி வந்தாலும் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா