அடுப்படியில் ஓர் ஆபீசர்

மாடி வீட்டுப் பெண் மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "கோ, வென்ட், கான்" என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். காப்பி ஆறியதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் புதுக்கோட்டை வாடகை வீட்டு அடுப்படிப் புகைக்குள் நீங்கள் நிற்கிறீர்கள். முகம் சரியாகத் தெரியவில்லை. வேட்டி மட்டும் வெள்ளையாக அசைகிறது.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த நாற்பத்தெட்டாம் வருஷம். நமக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உங்களைப் போன்ற பழைய சமஸ்தானக் குமாஸ்தாக்களை ஒரு ஆபீசர் கூப்பிட்டு இங்கிலீஷில் கேள்வி கேட்பாராம், தடுமாறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். உங்களுக்கு இங்கிலீஷைப் பார்த்து எழுத வரும், பேச வராது. வேலை போனால் கந்தர்வக்கோட்டையில் உங்கள் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அங்கே நமக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது இருவருக்குமே தெரியும். நானோ திருச்சி மிஷன் பள்ளியில் படித்தவள். பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன்னால் கல்யாணம் குறுக்கே வந்துவிட்டது. ஆகவே ஆபீசர் வேஷம் எனக்கு.

சாயங்காலம் நான் மணையில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். நீங்கள் வாசற்படியோரம் கைகட்டி நிற்பீர்கள். நேற்று ஏன் வரவில்லை என்று இங்கிலீஷில் அதட்டினால், "ஐ டிட் நாட் கேம், சார்" என்பீர்கள்.

"டிட் வந்த பெறகு கேம் எதுக்குங்க? கம் போதும்."

"நேத்து நடந்ததுதானே? ரெண்டு தடவ சொன்னா உறுதியா இருக்குமுல்ல?"

தாசில்தார் வருகிறார் என்பதற்கு எப்போதும் "தே ஆர் கம்மிங்"தான். ஒரு ஆளுக்கு 'ஹீ' போட வேண்டும் என்றால் பதறிவிடுவீர்கள். "அவுகளப் போயி ஹீன்னு சொல்லச் சொல்றியே, நாக்கு அழுகிப் போகாதா?"

சிரித்துச் சிரித்துக் கீரையெல்லாம் மடியில் சிந்தும். அதுவரை நமக்குள் சோறு, விறகு, மழை தவிர வேறு பேச்சே இருந்ததில்லை. வேலை போய்விடுமோ என்று ஒரு பக்கம் பயம். இந்தப் பாடம் முடிந்துவிடுமோ என்று இன்னொரு பக்கம். எந்தப் பயம் பெரிது என்று அப்போது கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

ஆபீசர் வந்த அன்று நீங்கள் மத்தியானமே திரும்பினீர்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அவரு தெற்கத்திக்காரரு. எந்த ஊரு, எத்தன வருஷ சர்வீசுன்னு தமிழ்லயே கேட்டுட்டு அனுப்பிட்டாரு. வேல நிச்சயம்."

ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடச் செலவாகவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டீர்கள், பாதிதான் சந்தோஷம்.

சாயங்காலம் ஆனதும் வழக்கம்போல அடுப்படிக்கு வந்தீர்கள். இனி எதற்கு என்று நான் பார்க்கையில், மணையை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"இன்னிக்கு நாந்தான் ஆபீசர். எந்திரிச்சு நில்லு."

நின்றேன். வெகுநேரம் யோசித்தீர்கள். காது சிவந்துபோனது. பிறகு, "வாட் யூ வான்ட்?" என்றீர்கள்.

என்னைப் பெற்றவர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை. தமிழில் அதைக் கேட்க உங்களுக்கும் கூச்சமாக இருந்திருக்கும். அகப்பையைப் பிடித்துக்கொண்டு, நின்றுபோன பரீட்சையை எழுத வேண்டும் என்று நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டது. "எஸ், எஸ்" என்று அவசரமாகத் தலையாட்டினீர்கள்.

எழுதினேன். அறுபதுகளில் திருமயம் பஸ்ஸில் தினமும் போய் இங்கிலீஷ் டீச்சராக வகுப்பில் நின்றேன். பிள்ளைகள் விட்டுவிடும் 'டூ'வையும் 'டிட்'டையும் சிவப்பு மையில் சேர்த்துச் சேர்த்தே விரல் காய்த்துப்போனது. உங்கள் கேள்வியிலும் ஒரு 'டூ' குறைகிறதுதான். எத்தனையோ பேருடையதைத் திருத்திவிட்டேன். அதை மட்டும் நீங்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.