பதினேழாம் பக்கத்தில் உன் கேலி

உன் கேலி அச்சில் ஏறிவிட்டது. சுருள் கம்பி கோத்த பயிற்சிக் கையேடு ஒன்று என் எதிரில் கிடக்கிறது. வழுவழுப்பான தாள், புது மையின் வாடை இன்னும் போகவில்லை. பண்பாட்டுக்குப் பண்பாடு நகைச்சுவை எப்படி வேறுபடுகிறது என்று ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க, நம் நிறுவனம் திங்கட்கிழமை இதை எல்லோருக்கும் வழங்கியது. பதினேழாம் பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள், நீ இருக்கிறாய். பெயர் இல்லை. ‘தென் தமிழ்நாட்டைச் சேர்ந்த கொள்முதல் ஊழியர் ஒருவர், வெளிநாட்டு விருந்தினரிடம், நீங்கள் விரைவில் இறந்துவிடுவீர்கள், உங்கள் இறுதிச் சடங்கை நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். இது மிரட்டலா, நகைச்சுவையா? குழுவாக விவாதிக்கவும்.’ கீழே விடை எழுத ஐந்து கோடுகள்.

மிரட்டல் என்று முடிவு கட்டி உன்னை வெளியே அனுப்பியவர்கள், நீ இறந்த பிறகு அதை விவாதத்துக்குரியதாக்கியிருக்கிறார்கள்.

மிளகாய் வற்றல் ஏற்றுமதி செய்யும் நம் கோவில்பட்டி அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? நான் வேதக்கோயிலுக்குப் போகும் கிறித்தவ வீட்டுப் பிள்ளை. நீ இடைசெவல் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. எந்த வழியிலும் உறவில்லை. நீ என் மேசைமேல் கையூன்றிக் கேட்டாய்: “என்ன மாப்ளே, இங்கிலீசுல எம்.ஏ.வாமே? வத்தல் மூடைக்குக் கடுதாசி எழுத அம்புட்டுப் படிக்கணுமாக்கும்?” நான் முகம் சுளித்தேன். நீ கொஞ்சமும் தயங்காமல் விளக்கம் சொன்னாய். “அண்ணன் தம்பின்னு ஆயிட்டா உன்னைக் கேலி பண்ண முடியாதுல்லா. மாப்ளேன்னா பண்ணலாம். கேலி பண்ண ஒரு ஆளில்லாம ஆபீசுல எப்படி இருக்கது?”

கரிசல்காட்டில் யாரும் யாரையும் கேலி செய்துவிட முடியாது. அதற்கு உறவுமுறை வேண்டும். உடன்பிறந்தவர்கள் அளந்து பேச வேண்டும். மாமன் மச்சான் எதையும் பேசலாம், எழவு வீட்டில்கூடப் பேசலாம், கோபிப்பவன்தான் அங்கே மரியாதை கெட்டவன். உறவில்லாத ஒருவனைப் பிடித்துப்போனால் முதலில் அவனுக்கு ஒரு முறையைக் கொடுப்போம், பிறகுதான் கேலி. இந்த வரிசையை அறியாதவனுக்கு எங்கள் சிரிப்பு ஒன்றும் விளங்காது. நான் அதை அறிந்தவன். என் குற்றம் அங்கேதான் இருக்கிறது.

அந்த வெளிநாட்டுத் தர ஆய்வாளர் மூன்று நாள் நம்மோடு விளாத்திகுளம் பக்கத்து ஊர்களைச் சுற்றினார். நீ மூடைகளைக் காட்டினாய், நான் மொழிபெயர்த்தேன். இரண்டாம் நாள் மிளகாய்க் களத்தில், முகத்தில் ஒரு கோடு அசையாமல், “நான் பயணம் கிளம்பினால் என் மனைவிக்கு மகிழ்ச்சி, நாய் மட்டும் அழும்” என்றார். அப்படியே தமிழில் சொன்னேன். களத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. “அய்யோ பாவம், வீட்டுல அம்புட்டுச் சண்டையா?” என்று ஓர் அம்மாள் அவர் சொம்பில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். தமக்கு ஏன் அத்தனை இரக்கம் கிடைக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. நீ மட்டும் என் காதருகே சொன்னாய்: “மாப்ளே, இவரு கேலி பண்ணுதாரு. மூஞ்சியைப் பூட்டி வச்சுக்கிட்டுப் பண்ணுதாரு. நம்ம ஆளுதான்.” அவருடைய மொழியில் ஒரு சொல்லும் தெரியாத நீ கண்டுகொண்டாய். அவர் மொழியிலேயே இலக்கியம் படித்த நான் காணவில்லை.

மூன்றாம் நாள், ஈரப்பதம் அதிகம் என்று அவர் பாதி மூடைகளைத் தள்ளினார். அடுத்த மூடைக்குள் மூக்கை நுழைத்து மோந்தவர், நெடி ஏறி, கண்ணில் நீர் வழிய இருமினார். நீ ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாய். முதுகைத் தடவிவிட்டாய். தடவிக்கொண்டே சொன்னாய்: “மச்சான், இப்படி மூடைக்கு மூடை மோந்து பாத்தீருன்னா சீக்கிரமே போய்ச் சேந்துருவீரு. ஒண்ணும் கவலைப்படாதீரும். ரெண்டு செட்டு மேளம், பூப்பல்லக்கு, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

களம் முழுக்கச் சிரித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். மச்சான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு வெள்ளைக்கார ஆய்வாளரை நீ மைத்துனராக்கிக்கொண்டது எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நாகரிகமாக மறைத்தேன். உறவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சாவும் பாடையும். சற்றுமுன் அவர் தள்ளிய மூடைகளும், சுற்றி நின்று சிரிக்கிற முகங்களும். அவர் தம் அறிக்கையில், தாம் மிரட்டப்பட்டதாக இரண்டு வரி எழுதினார்; நிறுவனம் உன்மேல் விசாரணை வைத்தது. அவரை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். நான் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார்.

என் கோபம் விசாரணைக்கு வந்த மூவர்மேல். மூவரும் தமிழர். ஒருவர் ஓட்டப்பிடாரத்துக்காரர், கலியாண வீட்டில் தம் மச்சானைப் பார்த்து “இன்னும் நீ சாகலையா?” என்று கேட்டுச் சிரித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர்கள்போல் ஆங்கிலத்தில் கேட்டார்கள். மொழிபெயர்ப்பு சரியானதுதானா? “சொல்லுக்குச் சொல் சரி” என்றேன். அது வேடிக்கையாகச் சொல்லப்பட்டதா? “அவருடைய நோக்கத்தைப் பற்றிக் கருத்துக் கூற எனக்குத் தகுதியில்லை” என்றேன். இலக்கணப் பிழையற்ற வாக்கியம். அது என் வேலையைக் காப்பாற்றியது, உன் வேலையை முடித்தது. நீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று பேருந்து நிலையத்தில் நீ வைவாய் என்று காத்திருந்தேன். “மாப்ளே, உன் இங்கிலீசு ரொம்பச் சுத்தம்டே. ஒரு தூசி இல்ல. ஒரு மனுசனும் இல்ல” என்றாய். பேருந்து வந்தது, ஏறிவிட்டாய். நீ என்னை மாப்ளே என்றது அதுதான் கடைசி. பிறகு நீ நோயில் படுத்து, மருத்துவமனையில் உன்னைப் பார்க்க நான் வந்தபோது, “வாங்க சார், உக்காருங்க” என்றாய். ஒரு கேலியும் இல்லை. அந்த மரியாதைக்காக உன்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். உன்னை எடுத்த அன்று ஒரு செட்டு மேளம்தான் வந்திருந்தது. இரண்டாவது செட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன், வெறும் ‘சார்’ ஆக வந்து மாலை போட்டுவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமைப் பயிற்சியில் பதினேழாம் பக்கத்தைப் படித்ததும் கூடம் சிரித்தது. “அந்த ஊர்க்காரங்க பேச்சோட விட்டாங்களே, அருவாளை எடுக்காம!” என்றான் ஒருவன். மேலும் சிரிப்பு. நான் எழுந்தேன். “இதில் வருகிற மொழிபெயர்ப்பாளர் நான்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள், முகம் மாறாமல் நானும் ஒரு வேடிக்கை சொல்கிறேன் என்று நினைத்தார்கள். உட்காரவில்லை. சிரிப்பு தானாகத் தீர்ந்து, ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கும்வரை நின்றேன். பிறகு, விசாரணையில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். நீ அவரை மச்சான் என்றாய்; நான் மறைத்தேன். எங்கள் ஊரில் மச்சானிடம் உனக்கு மேளம் வைக்கிறேன் என்பது மிரட்டல் அல்ல. விசாரித்தவர்களுக்கு அது தெரியும். பயிற்சியாளர், “நல்ல கலந்துரையாடல்” என்று பக்கத்தைப் புரட்டினார்.

உன் பணிநீக்க ஆணையிலுள்ள ‘மிரட்டல்’ என்ற சொல்லை அடிக்க வேண்டும், என் சாட்சியம் முழுமையற்றது என்று எழுதி, கையெழுத்திட்டு, அன்றே தலைமை அலுவலகத்தில் கொடுத்தேன். கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வரும். வந்தால் மறுபடியும் எழுதுவேன். ஓய்வு பெறும்வரை எழுதுவேன்.

அதன் நகலோடு நேற்று மாலை உன் வீட்டுக்குப் போனேன். நீ என்னை மாப்ளே ஆக்கியதால் எனக்குத் தங்கையான உன் மனைவி, வாசலிலேயே நின்று முழுவதையும் படித்தாள். “அன்னைக்கு இதுல ஒரு வரி சொல்லியிருந்தாப் போதும்லா, அண்ணாச்சி?” என்றாள். உள்ளே போய், உன் பணிநீக்க ஆணை இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதன்மேல் நகலை வைத்து மூடினாள். காப்பி கொடுத்தாள். நான் கிளம்பும்போது சொன்னாள்:

“அவிய இருந்தா இந்நேரம் உங்களைக் கேலி பண்ணியே கொன்னுருப்பாவ. எனக்கு அந்த முறை இல்ல, அண்ணாச்சி. நான் சொன்னது கேலி இல்ல.”

அதைத்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். கேலி என்றால் சிரித்து இறக்கி வைத்திருக்கலாம்.