அம்மா என்றால் ஒரு டோஸ்

பதிவு 1
நிலா, தென்துருவச் சுரங்கம். மருத்துவக் கருவிப் பட்டறை. திங்கள், 07:10

இதை யார் படிக்கப் போகிறார்களோ தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும் என்பது விதி, எழுதுகிறேன். நான் ஜெசிந்தா, கருவிப் பொறியாளர். டாக்டர் இல்லை. இந்தச் சுரங்கத்துக்கு டாக்டரே கிடையாது. தலைமைத் தளத்தில் இருக்கும் டாக்டர் பூங்கோதையை ரேடியோவில்தான் பிடிக்க வேண்டும்.

வேலை: வலி பம்ப். நோயாளி தானே பொத்தானை அழுத்தி, ஊசிக் குழாய் வழியாகக் கொஞ்சம் மார்ஃபின் ஏற்றிக்கொள்வார். ஒருமுறை அழுத்தினால் அடுத்த எட்டு நிமிடம் எவ்வளவு அழுத்தினாலும் வராது. மணிக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. இதற்கெல்லாம் மேலே ஒரு பாதுகாப்பு, அதுதான் அழகு: மயங்கித் தூங்குகிறவர் பொத்தானை அழுத்த மாட்டார். மருந்து கூடினால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் மருந்து நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் பாசத்தில் கை வைக்காமல் இருந்தால் போதும். பூமியில் சோதனை நடந்தபோது ஒரு மனைவி, "அவரு வாய் தொறந்து கேக்க மாட்டாரு சார்" என்று தூங்குகிற கணவருக்காக அழுத்திக்கொண்டே இருந்தாராம். நல்லவேளை, நர்ஸ் பார்த்துவிட்டார்.

இன்று ஏழாவது பொத்தான். ஸ்பிரிங் மக்கர் பண்ணுகிறது. ஷிப்டு மாறுவதால் எல்லோரும் தலைமைத் தளத்துக்குப் போய்விட்டார்கள். துளைக் கருவியைப் பழுதுபார்க்கத் துரைக்கண்ணு அண்ணனும், பொத்தானோடு மல்லுக்கட்ட நானும் மட்டும் பாக்கி.

பதிவு 2
செவ்வாய், 05:30

பொத்தானுக்கு இனி வேலை இல்லை.

துளைக் கருவியின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. அண்ணனின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. கருவி சாய்ந்து வலது தொடை நசுங்கிவிட்டது. எப்படி வார்டுக்கு இழுத்து வந்தேன் என்று கேட்காதீர்கள். இங்கே எடை குறைவு என்பதால் முடிந்தது. டாக்டர் ரேடியோவில் சொல்லச் சொல்லக் கழுத்துப் பக்கம் ஊசிக் குழாய் போட்டேன். பம்பை மாட்டியாயிற்று. அழுத்த அவருக்கு விரல் இல்லை, கட்டுதான் இருக்கிறது.

பதிவு 3
செவ்வாய், 06:25

பொத்தானைக் கழற்றிவிட்டு மைக் வைத்தேன். அவர் குரலுக்கு மட்டும் பம்ப் செவிசாய்க்கும். வார்த்தை: "வலிக்குது". அப்படிச் சொன்னால் ஒரு டோஸ்.

மனுஷன் சொல்ல மாட்டேன் என்கிறார்! நாடி நூற்று முப்பத்தெட்டு. பல்லைக் கடித்ததில் உதடு கிழிந்திருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால் "பரவால்லம்மா" என்கிறார். தண்ணீர் வேண்டுமா என்றாலும் "பரவால்லம்மா". வலிக்குது என்று சொல்லுங்கள், மருந்து வரும் என்று கெஞ்சினேன். "எதுக்கும்மா, உனக்கு வேற சிரமம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நெய்வேலி நிலக்கரியில் இருபது வருஷம் இருந்தவர். அங்கேயும் இப்படித்தான் இருந்திருப்பார்.

பதிவு 4
செவ்வாய், 07:05

பிடித்துவிட்டேன்.

போர்வை காலில் பட்டது. "அம்மா!" என்று கத்தினார். யாரும் கேட்டு வரவில்லை அது, தானாக வந்தது. நம் ஆட்கள் கால் இடறினாலும் இதுதான், பிரசவ அறையிலும் இதுதான். கேட்கக் கூச்சப்படுகிற மனுஷனுக்கு இதைவிட நல்ல பொத்தான் ஏது? வார்த்தையை மாற்றினேன்: "அம்மா". பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் வெறும் "...ம்மா" என்றுதான் கேட்கிறது. அதையும் ஏற்றுக்கொள்ளும்படி தளர்த்தினேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் நாடி நூறுக்கு இறங்கியது. அவர் முகம் இளகியபோது என்னை அறியாமல் கை தட்டினேன்.

டாக்டரிடமிருந்து: "பிரமாதம் ஜெசிந்தா. மணிக்கணக்கு உச்சவரம்ப எடுத்துடுங்க, இவ்ளோ காயத்துக்கு அது பத்தாது. எட்டு நிமிஷக் கணக்கு இருக்கு, நீங்களும் பக்கத்துலயே இருக்கீங்கல்ல."

எடுத்துவிட்டேன். பக்கத்திலேயேதான் இருக்கிறேன்.

பதிவு 5
செவ்வாய், 09:20

பக்கத்தில் இல்லை.

பஞ்சு எடுக்கப் பட்டறைக்கு வந்தேன். நில அதிர்வு. நடுவில் இருந்த நடைபாதை இடிந்து, காற்று வெளியேறி, இரண்டு பக்கக் கதவும் தாமாகப் பூட்டிக்கொண்டன. வார்டில் காற்று இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது, நடுவில் இல்லை. என் விண்வெளி உடுப்பு வார்டுப் பக்கம் தொங்குகிறது. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

பம்பிலிருந்தும் உடம்புக் கருவிகளிலிருந்தும் எண்கள் வருகின்றன. நான் அனுப்பும் கட்டளை மட்டும் போகவில்லை. இன்டர்காம் வேலை செய்கிறது. விடிகாலையிலேயே கிளம்பிய மீட்பு வண்டி வந்து சேர இன்னும் எட்டு மணி நேரம். உட்கார முடியவில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

பதிவு 6
செவ்வாய், 10:15

மூச்சு நிமிடத்துக்குப் பத்து. தூங்குகிறார். ஆனால் டோஸ் போய்க்கொண்டே இருக்கிறது. தூங்குகிறவருக்கு எப்படி?

இன்டர்காமைத் திறந்து கேட்டேன். கனவு காண்கிறார். "அம்மா... சோறு போடும்மா." டோஸ். எட்டு நிமிடம் கழித்து, "எங்கம்மா போற." டோஸ். மருந்து ஏற ஏறக் கனவு, கனவில் அம்மா, அம்மா வந்தால் மருந்து. தூங்குகிறவர் அழுத்த மாட்டார் என்று பெருமையாக எழுதினேனே. தூங்குகிறவர் கூப்பிடுவார். இது எனக்குத் தோன்றவே இல்லை. பயமாக இருக்கிறது.

பதிவு 7
10:40

டாக்டர்: "மூச்சு எட்டுக்குக் கீழ போகக் கூடாது. எழுப்புங்க. பேசவைங்க. தூங்கவிடாதீங்க."

"அண்ணே! துரைக்கண்ணு அண்ணே!" என்று கத்தினேன்.

"சொல்லும்மா."

டோஸ்.

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். "அது எப்படிம்மா." எட்டு நிமிடம் தாண்டியிருந்தது. டோஸ். பேசாமல் விட்டால் தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுகிறார், எழுப்பினால் என்னைக் கூப்பிடுகிறார். மரியாதை தெரிந்த மனுஷனாய்ப் போய்விட்டாரே! மூச்சு எட்டு. சுவரை உதைத்தேன். கால் வலிக்கிறது.

பதிவு 8
11:05

மூச்சு ஏழு. வேறு வழி தெரியவில்லை. காது கிழியக் கத்தினேன்: "அண்ணே, அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னா செத்துருவீங்க! அம்மான்னோ, ம்மான்னோ சொல்லவே கூடாது! புரியுதா?"

பிறகு, "புரியுது" என்றார். அதோடு நின்றது. பின்னால் எதுவும் ஒட்டவில்லை.

தூங்கவிடக் கூடாது. பஸ் ஸ்டாப் சொல்லச் சொன்னேன். ஊருக்குப் போகும் பஸ். "நெய்வேலி." அடுத்து? "வடலூர்." அடுத்து? "குறிஞ்சிப்பாடி." கடலூர் வந்ததும் பஸ்ஸைத் திருப்பினேன். குழறிய குரலில் திரும்பவும் சொன்னார். வழியில் தூங்கினால் கண்டக்டர் மாதிரி அதட்டினேன். எத்தனை முறை போய் வந்தோம் என்று எண்ணவில்லை.

பதிவு 9
13:10

மூச்சு பன்னிரண்டு! அழுதுவிட்டேன். ஒரு டோஸும் போகவில்லை. பிழைத்துக்கொண்டார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, போனால் போகட்டும்.

பதிவு 10
14:30

நாடி நூற்றிருபத்தைந்து. மருந்து இறங்குகிறது. வலி திரும்பிவிட்டது. வலது கால் கொதிக்கிறது என்றார். இதுவரை அவர் இப்படிச் சொன்னதில்லை.

"அண்ணே, இப்ப சொல்லலாம். ஒரு தடவ சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது."

"வேணாம்."

"மூச்சு நல்லா இருக்கு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"நீதான சொன்ன, செத்துருவேன்னு. எனக்கு வீட்டுக்குப் போவணும்."

பதிவு 11
15:40

நாடி நூற்று நாற்பத்தாறு.

டாக்டரிடமிருந்து: "பம்ப் கணக்கு மட்டும் இங்க வருது. ரொம்ப நேரமா மருந்தே கேக்கல போல. வலி அடங்கிடுச்சு. நல்லா சமாளிச்சீங்க ஜெசிந்தா. வண்டி வர்ற வரைக்கும் கொஞ்சம் படுங்க."

அடங்கவில்லை என்று சொன்னேன். பிறகு, "அப்போ அவர சொல்லச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் சொன்னது பொய் என்றேன். என் மேல் சத்தியம் என்றேன். திட்டினேன். நான் அவர் மகள் மாதிரி என்றேன். அவர் நம்புவது அந்த முதல் கத்தலை மட்டும்தான். உயிர் பயத்தில் நானே கத்தியது, அதை எப்படித் திரும்ப வாங்குவது?

பதிவு 12
16:20

வண்டி இன்னும் ஒரு மணி நேரத் தூரத்தில்.

இன்டர்காமில் கேட்கிறது. "ஐயோ." பிறகு மூச்சு. பிறகு, "ஐயோ." ஒவ்வொரு தடவையும் வாய் முதலில் "அ" என்றுதான் திறக்கிறது. பல்லைக் கடித்து அதை "ஐ" ஆக்கிவிடுகிறார். எவ்வளவு பலம் வேண்டும் அதற்கு.

பம்ப் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மருந்து நிறைய இருக்கிறது. அதற்கு ஐயோ தெரியாது, நான் சொல்லித் தரவில்லை.

நாடி நூற்று அறுபது. தப்பித் தப்பித் துடிக்கிறது.

"ஐயோ."

அண்ணே கேக்குதா, நான் ஜெசிந்தா. ஒரே ஒரு தடவ. உங்க அம்மாவக் கூப்பிடுங்க. என்கூடவே சொல்லுங்க, அ