கடிதம் போடும் துளை

சின்னவளுக்கு,

வீட்டைச் சூடாக்கிவந்த பழைய பாய்லர் போன வாரம் மண்டையைப் போட்டது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடுகிற ஹீட் பம்ப் வாங்கப்போகிறேன். இருப்பதிலேயே பெரிதாகக் கேட்டேன். அளவெடுக்க வந்த மெக்கானிக் சிரித்தார்.

"வீட்டுக்கு மீறின மெஷின் போட்டா நின்னு நின்னு ஓடும் சார். கரண்டைத் தின்னும், சீக்கிரம் கெட்டும் போகும். முதல்ல சூடு எங்கெல்லாம் வெளிய போகுதுன்னு பாப்போம். வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்," என்றேன்.

மாடியில் உன் அறையைத் திறந்தார். கட்டிலில் மெத்தை இல்லை. காகிதத்தில் இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். அந்த அறைக்குச் சூடு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சின்ன மெஷினே போதுமாம்.

வாசல் கதவில் கடிதம் போடும் துளை வழியாகக் குளிர் விர்ரென்று உள்ளே வந்தது. "இதை அடைச்சிடலாமா சார்?"

"அதை மட்டும் தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். உனக்குத் தெரிந்த அதே கத்தல்தான். பாவம், அரண்டுபோய்விட்டார்.

ஏழு குளிர்காலமாக அந்தத் துளைக்கு எதிரேதான் என் நாற்காலி. விளம்பரத் தாள்கள் விழும். உன் கையெழுத்தில் ஒன்றுகூட விழவில்லை.

இன்று காலை நானே அவரைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னேன். உள்ளே பஞ்சு திணித்து, மேலே பலகை அடித்துவிட்டுப் போனார். நாற்காலியையும் நகர்த்திவிட்டேன்.

ஒருவேளை பதில் எழுதினால், உறைமேல் எழுதித் தபால்காரரைக் கதவைத் தட்டச் சொல். காது முன்னைப்போல இல்லை, பலமாகத் தட்டச் சொல்.

அப்பா